பாதுகாப்புக் கூட்டணியும் தீராத எல்லை வழக்கும்

தனித்து நின்று தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நாடுகள் பிற நாடுகளோடு சேர்ந்து நிற்க முனைதல் பண்டுதொட்டு வரும் வழக்கமாகும். திருக்குறளின் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரமும் 'நட்பாராய்தல்' என்றோர் அதிகாரமும் உண்டு. முன்னது, செயலில் இறங்குமுன் தன் வலிமையோடு துணைவருவோர் வலிமையையும் எடைபோட வேண்டும் என்னும். பின்னது, ஆராயாது கொண்ட நட்பினால் விளையும் கேட்டை எடுத்துரைக்கும். இவ்விரு அறிவுரைகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று அரசியலில் உண்டு. அயல் நாட்டோடு தீராத நில வழக்குடைய ஒரு நாடு, பாதுகாப்புக் கூட்டணி ஒன்றன் வாயிலில் வந்து நின்று, தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்குமாயின், கூட்டணியார் செய்யத்தக்கது யாது? சேர்த்துக்கொண்டால் வலிமை பெருகலாம். அதனுடன் வழக்கும் உள்ளே நுழைந்துவிடும். இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது தொலைவிலுள்ள வல்லரசுகளுக்கு மட்டுமே உரிய வினா என்று மலைநாட்டு மாணவர் கருதிவிடலாகாது. நுவரெலியா, அட்டன், தலவாக்கொல்லை முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் குடியுரிமை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே நெடுங்காலம் வழக்குப் பொருளாய் இருந்தது. அவ்வழக்குத் தீராதிருந்த காலத்திலேயே இலங்கை ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. ஆதலின் இவ்வினாவின் ஒரு பகுதி நம் வீட்டு வரலாறேயாகும்.

கூட்டணியின் இயல்பு

பாதுகாப்புக் கூட்டணி என்பது, தன் உறுப்பினர் ஒருவரை வெளியார் தாக்கினால் ஏனையோர் துணைவருவர் என்னும் வாக்குறுதியை அடிப்படையாகக் கொண்டது. 1949 ஏப்ரல் 4 ஆம் நாள் வாசிங்டனில் கையொப்பமான வட அத்திலாந்திக்கு உடன்படிக்கையின் 5 ஆம் உறுப்புரை, ஒருவர் மீதான ஆயுதத் தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்ளப்படும் என்கிறது. நேட்டோ என்று வழங்கும் நிறுவனத்துக்கு அதுவே உயிர்நாடி.

இத்தகைய வாக்குறுதி பயன்தர வேண்டுமாயின் இரண்டு செய்திகள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாதல் வேண்டும். ஒன்று, காக்கப்படவேண்டிய நிலம் எது என்பது. மற்றொன்று, தாக்கியவர் யார் என்பது. நிலத்தின் எல்லையே வழக்கில் இருக்குமாயின் இவ்விரண்டும் மங்கிப்போகின்றன. ஒரு துண்டு நிலத்தை இரு நாடுகள் தமதென்று கூறும்போது, அங்கே படை செலுத்துபவன் தன் நிலத்தைக் காப்பதாகவே சொல்லுவான். மற்றவனோ அதனை ஆக்கிரமிப்பு என்பான். நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. சாவு நேர்ந்த வீட்டுக்கு எல்லோரும் பங்கிட்டு உதவுவதே அவற்றின் நோக்கம். காணி வழக்குடைய ஒருவர் அச்சங்கத்திற் சேர்ந்து, வழக்குச் செலவையும் சங்கமே ஏற்கவேண்டும் என்பாராயின் சங்கம் என்னாகும்? செலவை ஏற்றால் சங்கம் வழக்காளியாக மாறிவிடும். மறுத்தால் அவர் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். நாடுகளின் கூட்டணிக்கும் இவ்விடர் அப்படியே பொருந்தும்.

கண்டி மன்னன் பெற்ற பாடம்

நிலத்தைப் பற்றிய வாசகம் தெளிவின்றி அமைந்த கூட்டணியின் விளைவை மலைநாடு முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கன், கரையோரத்தைப் பிடித்திருந்த போர்த்துக்கீசரை அகற்றும் பொருட்டு, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விருப்பத்துக்கு உட்பட்டதா என்பதில் உடன்படிக்கையின் படிகள் தம்முள் வேறுபட்டன. மன்னனிடமிருந்த படியிற் காணப்பட்ட நிபந்தனை ஒல்லாந்தரின் படியிற் காணப்படவில்லை. 1656 இல் கொழும்பு வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனைத் தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்னும் சிங்களப் பழமொழி இந்நிகழ்ச்சியைக் குறித்தே வழங்குகின்றது. எந்த நிலம் யாருடையது என்பதை முன்னரே தீர்த்துக்கொள்ளாத கூட்டாளிகள், பொதுப் பகைவன் அகன்றதும் தமக்குள் பகைவராவர் என்பது இதனாற் பெறப்படும்.

1947 ஆம் ஆண்டின் உடன்படிக்கை

இனி நம் காலத்துக்கு அண்மையில் வருவோம். இலங்கை விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னர், 1947 நவம்பர் 11 ஆம் நாள், பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாகி, 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வெளியார் ஆக்கிரமிப்பினின்றும் தம் நிலப்பகுதிகளைக் காக்க இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று படைத்துணை புரிவதென்பது அதன் சாரம். அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. டி. எஸ். சேனநாயக்கா இவ்வுடன்படிக்கையை விரும்பியமைக்கு, பேருருவம் கொண்ட அயல் நாடாகிய இந்தியாவைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்தாகும்.

அவ்வேளையில் இந்தியாவோடு இலங்கைக்கு இரண்டு வழக்குகள் இருந்தன. ஒன்று, பாக்குநீரிணையில் ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய கச்சதீவு யாருடையது என்னும் நில வழக்கு. மற்றொன்று, தோட்டத் தொழிலாளர் எந்நாட்டுக் குடிகள் என்னும் மக்கள் வழக்கு. 1940 லும் 1941 லும் இதைக் குறித்து நடந்த பேச்சுக்கள் தீர்வு தரவில்லை. பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாகி ஏழு கிழமைகள் செல்லுமுன், 1947 டிசம்பரில், சேனநாயக்காவும் நேருவும் தில்லியிற் பேசினர். அப்போதும் வழக்குத் தீரவில்லை. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கொல்லையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் புகுந்திருந்தனர். மறு ஆண்டு நிறைவேறிய 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

பாதுகாப்பு உடன்படிக்கை இவ்வழக்குகளுக்கு என்ன பயன் தந்தது? ஒன்றுமில்லை என்றே கூறவேண்டும். பிரித்தானியா துணைபுரிய வேண்டிய கட்டாயம், இருவர் நலனுக்கும் ஒத்த அளவில் என்னும் வாசகத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே பொதுநலவாயத்தின் உறுப்பினர்கள். இந்தியாவோடு இலங்கை மாறுபடும் ஒன்றில் பிரித்தானியா இலங்கையின் பக்கம் வாளேந்தி நிற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அதற்கு மாறாக, உடன்படிக்கையினால் இழப்பொன்று நேர்ந்தது. அந்நியப் படைத்தளம் உள்ள நாடு முழு விடுதலை பெற்ற நாடன்று என்னும் வாதத்தின்மேல், ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை சேர்வதை 1948 இல் சோவியத்து ஒன்றியம் தன் தடை வாக்கினால் மறுத்தது. 1955 டிசம்பர் 14 ஆம் நாள்தான் இலங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில், 1957 இல், இரு தளங்களும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

பாக்கிஸ்தானும் சீட்டோவும்

இலங்கை இவ்வாறிருக்க, நம் அயலிலேயே மற்றொரு நாடு தன் நில வழக்கோடு கூட்டணி புகுந்தது. 1954 செப்டெம்பர் 8 ஆம் நாள் மணிலாவில் தென்கிழக்காசியக் கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் நிறுவனம் சீட்டோ எனப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பில் கூடிய ஐந்து நாடுகளுள் இலங்கை, இந்தியா, பர்மா, இந்தோனேசியா ஆகிய நான்கும் அதில் சேரவில்லை. பாக்கிஸ்தான் மட்டுமே சேர்ந்தது. பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல பொதுவுடைமையை வெளிப்படையாக எதிர்த்தவர். அவர் ஆட்சியிலேயே இலங்கை சீட்டோவுக்கு வெளியே நின்றது குறிப்பிடத்தக்கது.

பாக்கிஸ்தானின் மனத்திலிருந்தது காசுமீரம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலேயே தன் கருத்தை எழுதிச் சேர்த்துக்கொண்டது. ஆக்கிரமிப்பைப் பற்றிய தன் கடமை பொதுவுடைமை ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதே அக்குறிப்பு. ஆதலின் வாயிலைக் கடந்த பாக்கிஸ்தானின் வழக்கு, எழுத்தளவில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. எனினும் அது வெளியேயும் நிற்கவில்லை. 1956 மார்ச்சில் கராச்சியிற் கூடிய சீட்டோ மன்றம் காசுமீரத்தைப் பற்றித் தன் அறிக்கையிற் குறிப்பிட, இந்தியா கடுமையாக ஆட்சேபித்தது. பாக்கிஸ்தானுக்கு அமெரிக்கப் படையுதவி கிடைத்ததனால் சூழ்நிலை மாறிவிட்டதென்று கூறி, நேரு குடியொப்ப வாக்கெடுப்புப் பற்றிய தம் முந்திய நிலையினின்றும் விலகினார். 1955 டிசம்பரில் காசுமீரம் சென்ற சோவியத்துத் தலைவர்கள் இந்தியாவின் நிலையை ஆதரித்தனர். இரு நாடுகளின் வழக்காயிருந்தது இரு வல்லரசு அணிகளின் வழக்காக விரிந்தது.

1965 இல் இந்தியாவும் பாக்கிஸ்தானும் போரிட்டபோது சீட்டோ துணைவரவில்லை. அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் வழங்குவதை நிறுத்திவைத்தது. 1971 இல் பாக்கிஸ்தான் தன் கிழக்குப் பகுதியை இழந்தபோதும் அவ்வமைப்பு படை அனுப்பவில்லை. அதன்பின் பாக்கிஸ்தான் விலகிக்கொண்டது. 1977 இல் சீட்டோவே கலைக்கப்பட்டது. தன் வழக்குக்குத் துணை கிடைக்கும் என்று ஒரு நாடு எண்ணியிருக்க, ஏனைய உறுப்பினர் அவ்வாறு எண்ணாதிருந்த கூட்டணியின் முடிவு இது. சேர்ந்தவருக்கு ஏமாற்றம், சேர்த்தவருக்கு அவப்பெயர், அயலவருக்கு அச்சம் என மூவகைத் தீங்கும் அதனால் விளைந்தன.

நேட்டோ கையாண்ட மூன்று வழிகள்

நேட்டோவின் வரலாற்றில் இச்சிக்கலுக்கு மூன்று வழிகள் கையாளப்பட்டமை காணலாம். முதலாவது, வாக்குறுதி செல்லும் நிலத்தை வரையறுத்தல். உடன்படிக்கையின் 6 ஆம் உறுப்புரை அதன் பாதுகாப்பைக் கடகக் கோட்டுக்கு வடக்கே உள்ள பகுதிகளோடு நிறுத்துகின்றது. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவினுட் புகுந்தபோது, போர்த்துக்கல் நேட்டோவைத் தொடக்கிய நாடுகளுள் ஒன்றாயிருந்தும் அக்கூட்டணி தலையிடவில்லை. 1982 இல் பிரித்தானியாவுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் இடையே போக்லாந்துத் தீவுகளுக்காக நடந்த போரிலும் இவ்வெல்லையே நின்றது.

இரண்டாவது, வழக்குடைய நாட்டைச் சேர்த்துக்கொண்டு, வன்முறையால் எல்லையை மாற்ற முனையேன் என்னும் உறுதியை அதனிடம் பெறுதல். நாடு இரண்டாகப் பிளவுண்டு கிடந்த மேற்கு ஜெர்மனி 1955 மே மாதத்தில் உறுப்பினராயிற்று. மறு இணைப்புக்காகவோ எல்லை மாற்றத்துக்காகவோ படைபலத்தை நாடுவதில்லை என்று அது 1954 அக்டோபரிலேயே அறிக்கை செய்திருந்தது. 1990 இல் இரு ஜெர்மனிகளும் போரின்றியே ஒன்றாயின.

மூன்றாவது, வழக்கைத் தீர்த்துக்கொண்டு வருக என்று வாயிலில் நிறுத்துதல். 1995 செப்டெம்பரில் நேட்டோ வெளியிட்ட விரிவாக்க ஆய்வு, இனத் தகராறோ வெளிநாட்டு நில வழக்கோ உடைய நாடுகள் அவற்றை அமைதி வழியில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், அத்தீர்வு அந்நாட்டை அழைப்பதா என்பதைத் துணிவதில் ஒரு காரணியாகும் என்றும் கூறிற்று. அது முழுத் தடையன்று. எடைபோடுங்கால் தராசிலிடும் ஒரு கல் எனல் தகும். அதன் பயன் கண்கூடானது. ஹங்கேரி 1995 இல் சுலோவாக்கியாவோடும் 1996 இல் ருமேனியாவோடும் உடன்படிக்கை செய்து, இருந்த எல்லைகளை ஏற்றுக்கொண்டது. அவ்வெல்லைகளுக்கு அப்பால் வாழ்ந்த ஹங்கேரிய மக்களின் மொழி, கல்வி முதலிய உரிமைகளும் அவ்வுடன்படிக்கைகளில் இடம்பெற்றன. 1999 இல் ஹங்கேரி நேட்டோவிற் சேர்ந்தது.

இவ்வழிகள் எல்லா இடத்தும் வென்றன என்பதற்கில்லை. கிரேக்கமும் துருக்கியும் 1952 இல் ஒன்றாகவே சேர்ந்தன. அவற்றின் பிணக்கும் உள்ளே வந்தது. 1974 இல் துருக்கி சைப்பிரசில் படையிறக்கியபோது கிரேக்கம் கூட்டணியின் படையமைப்பினின்றும் விலகி, 1980 இல்தான் மீண்டது. ஆயினும் அவ்விரு நாடுகளும் முழுப்போரில் இறங்காமைக்குக் கூட்டணியின் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பாரும் உளர்.

மறுபக்க வாதம்

வழக்குத் தீர்ந்தாலன்றிச் சேர்க்கலாகாது என்னும் விதியைக் கண்டிப்பாகக் கொள்வோமாயின், வேறொரு தீங்கு எதிர்ப்படுகின்றது. வலியவன் ஒருவன் தன் அயலவனைக் கூட்டணியிற் சேரவொட்டாமல் தடுக்க விரும்பினால், அவன் நிலத்தில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வதே போதுமாகிவிடும். ஆக்கிரமித்தவனே வழக்கையும் உண்டாக்கி, அவ்வழக்கையே காரணமாகவும் காட்டுவான். 2008 ஏப்ரலில் புக்காரெஸ்டில் கூடிய நேட்டோ நாடுகள், ஜோர்ஜியாவும் உக்ரேனும் எதிர்காலத்தில் உறுப்பினராகும் என்றன. ஆனால் எப்போது என்று கூறவில்லை. அவ்வாண்டு ஆகத்திலேயே ஜோர்ஜியாவில் ரசியா போர் தொடுத்து, அப்காசியாவையும் தென் ஒசேத்தியாவையும் தனி நாடுகளாக ஏற்றது. 2014 இல் கிரைமியாவை இணைத்துக்கொண்டது. 2022 பெப்ரவரி 24 ஆம் நாள் உக்ரேன் மீது பெரும்போர் தொடுத்தது. உறுதியான வாக்குறுதியும் இன்றி, தெளிவான மறுப்பும் இன்றி ஒரு நாட்டை வாயிலில் நிறுத்திவைத்தலே மிகப் பெரிய இடர் என்பது பலர் துணிபு. இதற்கு மாறாக, எல்லை வழக்கில்லாத பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் உறுப்பினராயின.

ஆதலின் வழக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டல் போதாது. வழக்கைத் தொடுத்தவர் யார், விண்ணப்பிக்கும் நாடு தன் உரிமையைப் போரினால் நாடுகிறதா பேச்சினால் நாடுகிறதா, கூட்டணியின் வாக்குறுதி எந்நிலம் வரை செல்லும் என்பதை இரு தரப்பும் ஒரே பொருளில் உணர்ந்துள்ளனவா என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். இம்மூன்றனுள் இறுதியானதே இன்றியமையாதது. சீட்டோவில் பாக்கிஸ்தானுக்கும், 1638 இல் கண்டி மன்னனுக்கும் தவறியது அதுவே.

மலைநாடு சேர்க்கும் நான்காம் வினா

இம்மூன்றோடு நாலாவது வினா ஒன்றையும் சேர்க்க மலைநாட்டு வரலாறு நம்மைத் தூண்டுகின்றது. நேட்டோவின் 1995 ஆம் ஆண்டு ஆய்வு இனத் தகராறையும் நில வழக்கையும் ஒருங்கே வைத்து எண்ணியது. அவ்வளவுகோலின்படி, அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தோரின் குடியுரிமை வழக்கும் கச்சதீவு வழக்கும் ஒரே பட்டியலில் வருவனவாகும். இலங்கையும் இந்தியாவும் இவ்விரண்டையும் படைக் கூட்டணி எதனையும் துணைக்கழைக்காது தாமே பேசித் தீர்த்தன. 1974 ஜூன் மாத உடன்படிக்கையால் கச்சதீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1964 அக்டோபர் 30 ஆம் நாள், ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஏறத்தாழ 975,000 பேராகக் கணக்கிடப்பட்ட மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

போரின்றி, அந்நியர் தலையீடின்றி இரு அயல் நாடுகள் தம் வழக்கைத் தீர்த்துக்கொண்டமை பாராட்டுதற்குரியதே. ஆனால் தீர்த்தவர் யார், தீர்க்கப்பட்டவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்பந்தத்தின் தரப்பினர் இரு அரசுகள் மட்டுமே; அம்மக்கள் தரப்பினராய் இருக்கவில்லை. பிறந்த லயத்தையும் வளர்த்த மலையையும் விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக் கூடையையே சுமந்தோர் பலர். எண்களைப் பங்கிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் பிழையென்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. போக்குவரத்து நின்றுபோக, எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்க 1988 இல் ஒரு சட்டமும் 2003 இல் மற்றொரு சட்டமும் வேண்டியதாயிற்று. 1948 இல் எழுந்த வழக்கு முற்றுப்பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. எல்லையோடு மக்களின் உரிமையையும் எழுத்தில் வைத்த ஹங்கேரி உடன்படிக்கைகளை இதனோடு ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு விளங்கும்.

இதுகாறும் கூறியவற்றால் நாம் துணியத்தக்கது இதுவாகும். கூட்டணி வழக்கைத் தீர்ப்பதில்லை. வழக்கோடு சேர்ந்தவரைக் கூட்டணி தாங்குவதும் அரிது. கூட்டணியிற் சேர விரும்பும் நாடு தன் வழக்கை அமைதி வழியில் தீர்த்தல் வேண்டும். தீராவிடின், அதனைப் போரினால் தீர்க்க முனைவதில்லை என்னும் உறுதியோடும், எந்நிலம் வரை துணை கிடைக்கும் என்னும் தெளிவோடும் உள்ளே புகுதல் வேண்டும். அத்தீர்வும், வழக்கிற் சிக்கிய நிலத்திலும் லயத்திலும் வாழும் மாந்தரைக் கேட்டுச் செய்த தீர்வாயிருத்தல் வேண்டும். அவர்களைக் கேளாது செய்த தீர்வு, இரு அரசுகளின் ஏட்டில் முடிந்திருப்பினும், அம்மக்களின் வாழ்வில் முடிவதில்லை. நட்பாராய்தலை அரசர்க்கு உரைத்த நம் முன்னோர் அறம், குடிகளையும் ஆராயுமாறு இன்றைய அரசுகளைக் கேட்கின்றது.